இடுப்பில் தொங்கிய பெயர்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் மட்டும் அது உயிரோடு இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் பீரங்கிதான். மனைவிகூடக் கோபம் வந்தால் "பீரங்கி வந்தாச்சு, தட்டு வைக்கணும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். ஆளைப் பார்த்து வைத்த பெயர் இல்லை அது. ஆள் ஒல்லி. காற்றடிக்கும் நாளில் தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டு, உடம்பைக் கீழே பிடித்துவைக்கும் வேலையை ரிவால்வரிடம் விட்டுவிட்டு நடப்பார். அந்த ரிவால்வர்தான் பெயருக்குச் சொந்தக்காரர். நீண்ட குழல், பருத்த உருளை, உறைக்குள் அடங்காமல் பாதி வெளியே தெரியும் மரப்பிடி. அவர் அதைச் சுமந்தார். அது அவரை நடத்தியது.

அது அவர் கேட்டு வாங்கியதும் இல்லை. போலீசில் சேர்ந்த புதிதில் சிபாரிசு உள்ளவர்கள் எல்லாரும் ஆயுதக் கிடங்கில் இருந்த லேசான ரிவால்வர்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில் நின்றவருக்கு, எடை அதிகம் என்று எல்லாரும் ஒதுக்கிய பெரியது வந்தது. சிபாரிசு இல்லாததால் ஒருவருக்குப் பெரிய பொருள் கிடைப்பது அபூர்வம். பீரங்கிக்குக் கிடைத்தது. அதோடு இடுப்பு வலியும் கிடைத்தது.

பேர் தானாக வளர்ந்தது. அதன் தோட்டா லாரி இன்ஜினைத் துளைக்கும் என்று ஸ்டேஷனில் யாரோ சொன்னார்கள். அவர் ரோந்து போகும் சந்தைத் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் லாரி இரண்டாகியிருந்தது. சலூன்காரர் ஒரு படி மேலே போனார். "எதிர்ல நிக்கறவன் மட்டும் இல்லப்பா, அவனுக்குப் பின்னாடி சுவர், சுவருக்குப் பின்னாடி நிக்கறவன், எல்லாம் காலி. அடுத்த வீட்டு அடுப்புல இருக்கிற பாத்திரம்கூட மிஞ்சாது." யாரும் பார்த்ததில்லை. பார்க்காததால்தான் சந்தேகப்படவும் வழி இல்லை. சந்தைத் தெருவில் கைகலப்பு என்றால் பீரங்கி வருகிறார் என்ற சேதி முன்னால் வரும். அவர் வந்து சேரும்போது சண்டை போட்டவர்கள் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். இத்தனை வருடத்தில் அந்தத் தெருவில் அவர் ரிவால்வரை உறையை விட்டு எடுத்ததே கிடையாது. ரொம்பப் பொறுமைசாலி என்று அதற்கும் ஒரு பேர் வந்தது.

தெருவுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. வருடாந்தரச் சுடும் தேர்வுக்கு அவர்களுக்குக் கொடுப்பது மிதமான தோட்டா. சத்தம் குறைவு, உதைப்பும் குறைவு. ரோந்துக்குப் போகும்போது உருளையில் ஏற்றுவதுதான் முழு வீரியமுள்ளது. முழுத் தோட்டாவைத் தொடர்ந்து சுட்டால் மணிக்கட்டும் போகும், துப்பாக்கியும் போகும் என்று இப்படி ஏற்பாடு. ஆக, எதைச் சுட்டுப் பழகினார்களோ அதைச் சுமக்கவில்லை. எதைச் சுமந்தார்களோ அதைச் சுட்டதில்லை. பீரங்கி மட்டும் ஒரே ஒரு முறை சுட்டிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த மாதம், ஆசைப்பட்டு, ஒரே ஒரு தோட்டா. காதுக்குள் தகரக் கதவை அறைந்து சாத்தினாற்போல் இருந்தது. துப்பாக்கி மேலே எகிறி, கட்டைவிரல் இடுக்கு கிழிந்து, கை வீங்கிவிட்டது. வீட்டில் கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டதாகச் சொன்னார். அன்றிலிருந்து ஊர் அந்தத் துப்பாக்கிக்குப் பயந்தது. ஊரைவிட ஒரு பிடி அதிகமாக அவர் பயந்தார்.

இப்படியே ஓய்வு பெற்றிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. வாயைத் திறந்ததுதான் வினை.

பழைய ரிவால்வர்களை எல்லாம் வாங்கிக்கொண்டு புதிய பிஸ்டல்கள் கொடுப்பதாகத் துறை முடிவெடுத்தது. லேசானது, தோட்டா நிறையப் பிடிக்கும், சின்னது. பெரிய அதிகாரி எல்லாரையும் கூட்டி வைத்து அபிப்பிராயம் கேட்டார். அபிப்பிராயம் கேட்பது ஒரு மரியாதை. அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. பீரங்கி எழுந்தார். பயந்தவர் எழுந்ததற்குக் காரணம் இன்னொரு பயம். அந்தத் துப்பாக்கி இல்லாவிட்டால் சந்தைத் தெருவில் அவர் வெறும் ஒல்லி மனிதர். தெரு போனால் அப்புறம் பழைய பைல்கள் மக்கும் பதிவறை, இல்லாவிட்டால் வாசல் காவல். வெயிலும் ஜனங்களும் 'வணக்கம் சார்'களும் இல்லாத மிச்ச காலத்தை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"சார், சின்னத் துப்பாக்கியப் பாத்தா ஒருத்தனும் அடங்க மாட்டான். ஒருத்தன் அடங்கலைன்னா சுடணும். இத வச்சிருந்தா சுடவே வேண்டாம் சார்" என்றார்.

கைதட்டல் விழுந்தது. அதிகாரிக்குப் பிடித்துப்போய்விட்டது. விருப்பமுள்ளவர்கள் ரிவால்வரை வைத்துக்கொள்ளலாம் என்றார். மூச்சுவிடாமல் அடுத்ததையும் சொன்னார்: "ஆனா வைச்சுக்கறவங்க இந்த வருஷத்துலேர்ந்து டியூட்டித் தோட்டாவுலயே தேர்வு குடுக்கணும். சரிதானே?"

விருப்பமுள்ளவர் ஒரே ஒருவர்தான் இருந்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னார். மனைவி சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். தனக்கு மடிப்புத் தெரியாத விஷயமே உலகத்தில் இல்லை என்று அவளுக்கு நினைப்பு.

"பிஸ்டலை வாங்கிக்க வேண்டியதுதானே?"

"அத யாருக்குத் தெரியும்?"

"உங்கள யாருக்குத் தெரியும், இது வர்றதுக்கு முன்னாடி?"

"அதத்தான் சொல்றேன்."

"பேசாம உக்காந்திருக்கக் கூடாது? ஊர்ல எத்தனை பேரு பேசாம உக்காந்தே பெரிய ஆளாயிருக்காங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள்.

சுடும் மைதானத்தில் பயிற்சியாளர் ஒருவர் உண்டு. வருடக்கணக்காகக் காதில் பஞ்சு அடைத்தே நின்றதால் பேர் பஞ்சு. காது மந்தம், கண் மந்தமில்லை. தேர்வுக்கு வருகிறவரின் துப்பாக்கியைத் தானே வாங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு தோட்டா ஏற்றுவது அவர் வழக்கம். நல்ல தோட்டாக்களுக்கு நடுவே ஏற்கெனவே சுட்டுத் தீர்ந்த வெற்றுக் கூடுகளையும் கலந்துவிடுவார். எது எந்த முறை வரும் என்று சுடுகிறவனுக்குத் தெரியாது. வெற்றுக் கூட்டின் மேல் சுத்தியல் விழும்போது துப்பாக்கி அசையாமல் நின்றால் ஆள் நிதானமானவன். குழல் தாழ்ந்தால், ஆள் வெடிப்பதற்கு முன்பே பயந்துவிட்டான் என்று அர்த்தம். மிதமான தோட்டாவோடு இருந்த நாளில் இந்தச் சோதனை பீரங்கிக்குப் பெரிய விஷயமாக இருந்ததில்லை.

அன்று முதல் தோட்டா வெடித்தது. தகரக் கதவு திரும்பவும் காதுக்குள் அறைந்தது. குறி அட்டையில் ஓட்டை ஏதும் இல்லை. இரண்டாவதும் வெடித்தது. அட்டைக்குப் பின்னால் மண்மேடு மட்டும் புகைந்தது. மூன்றாவது முறை விசையை இழுத்தார்.

டக்.

வெடிக்கவில்லை. ஆனால் பெரிய ரிவால்வர் ஒரு முழத்துக்குக் குனிந்தது. கண் இரண்டும் இறுக மூடியிருந்தன. தோள் காதுவரை ஏறியிருந்தது. பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"தரைக்குக் கும்பிடு போடறாருப்பா" என்றது ஒரு குரல். சிரிப்பு எழவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

பஞ்சு பக்கத்தில் வந்து துப்பாக்கியை மெதுவாக வாங்கிக்கொண்டார். மந்தக் காதுக்காரருக்கு ரகசியம் பேச வராது. மைதானத்துக்கே கேட்கும்படி ஆறுதல் சொன்னார்: "பீரங்கி, அது சுடறதுக்கு முன்னாடியே நீ அடி வாங்கிட்டப்பா. பரவாயில்ல. எல்லாருக்கும் வர்றதுதான்."

மறுநாள் அதிகாரி கூப்பிட்டார். பதிவறைக்குத்தான் என்று பீரங்கி நினைத்துக்கொண்டு போனார். அதிகாரி படித்தவர், விதியை ஒரு முறை படித்தால் பொருளும் இரண்டு முறை படித்தால் வழியும் கண்டுபிடிப்பவர்.

"தேர்வுல தேறாதவங்க தோட்டா எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு விதி."

"ஆமாங்க சார்."

"துப்பாக்கி எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு விதியில எங்கயும் இல்ல. நீங்கதானே சொன்னீங்க, சுடவே வேண்டாம்னு? சந்தைத் தெரு உங்ககிட்டயே இருக்கட்டும். தோட்டாவ மட்டும் கிடங்குல ஒப்படைச்சிடுங்க."

கேட்டது கிடைத்துவிட்டது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தவருக்கு, எதற்கு நன்றி சொன்னோம் என்று படிக்கட்டு இறங்கிய பிறகும் பிடிபடவில்லை.

ரோந்தில் அவருக்குத் துணை ஒரு பெண் போலீஸ். இரண்டு பிள்ளைக்காரி, வாய்க்காரி, புதுப் பிஸ்டலை முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவள். காலி உருளையோடு கிளம்பிய முதல் நாளே அவள் சொன்னாள்: "அண்ணே, ஏதாவது ஆச்சுன்னா என் பின்னாடி நின்னுக்குங்க."

"நான் பின்னாடி நின்னா ஜனங்க என்ன நினைப்பாங்க?"

"நீங்க முன்னாடி நின்னா நான் என்ன நினைக்கிறது?"

தெருவுக்கு எதுவும் தெரியவில்லை. வணக்கம் அதேபோல் வந்தது. பழக்கடைக்காரர் அதே ஸ்டூலை இழுத்துப் போட்டார். தோட்டா போனதால் ரிவால்வரின் எடை உண்மையில் கொஞ்சம் குறைந்துதான் இருந்தது; இடுப்புக்கு மட்டும் அது தெரியவில்லை. முன்பெல்லாம் தெருவில் நடக்கும்போது முகங்களைப் பார்த்து நடப்பார். இப்போது கைகளைப் பார்த்து நடந்தார். காய் வெட்டும் கத்தி, பெட்டி உடைக்கும் கடப்பாரை, மூட்டை தூக்கும் கொக்கி. ஒரு சந்தையில் இத்தனை இரும்பு இருக்கும் என்று இவ்வளவு நாள் தோன்றவே இல்லை.

கறிக்கடையில் அண்ணன் தம்பிக்குள் தகராறு என்று ஒரு மத்தியானம் ஆள் ஓடிவந்தான். கடையை யார் நடத்துவது என்று பேச்சு. தம்பி வெட்டுக்கத்தியை ஓங்கிக்கொண்டு அண்ணனைக் கல்லாவுக்கும் சுவருக்கும் நடுவில் நெருக்கியிருந்தான். துணைக்காரி பின்கட்டு வழியாகச் சுற்றிப் போனாள். முன்வாசலில் கூட்டம் விலகி வழிவிட்டது. வழிவிட்ட பிறகு நிற்க முடியாது. பீரங்கி உள்ளே போனார்.

"கத்தியைக் கீழ போடுப்பா."

"கிட்ட வராதீங்க."

அவர் வரவில்லை. கால் வரவில்லை என்பதுதான் நிஜம். கை மட்டும் பழக்கத்தில் உறைக்குப் போய், வாழ்நாளில் முதல் முறையாக அந்தத் தெருவில் ரிவால்வர் வெளியே வந்தது. கடைக்காரத் தம்பி குழலைப் பார்த்தான். பிறகு திரும்பி, தனக்குப் பின்னால் வீட்டுப் பக்கத்தை மறைத்திருந்த மரத்தட்டியைப் பார்த்தான்.

"வேண்டாம் சார், தட்டிக்குப் பின்னாடி என் பொண்டாட்டி இருக்கா, தாண்டிப் போயிடும் சார்" என்று அழுதபடி கத்தியைக் கீழே போட்டான்.

துணைக்காரி வந்து விலங்கு மாட்டினாள். கூட்டம் ஆரவாரித்தது. அவர் நின்ற இடத்தைவிட்டு அசையாததை எல்லாரும் பார்த்தார்கள். சுட்டுவிடாமல் அடக்கிக்கொண்ட கோபம் என்று எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் சலூன்காரர் கதைக்கு மரத்தட்டியும் வந்து சேர்ந்துவிட்டது.

அன்று இரவு அவர் தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. மனைவி தட்டை எடுக்கக் கை நீட்டினாள். அவர் கேட்டார்: "அவன் கத்தியக் கீழ போடாம இருந்திருந்தா?"

"பதிவறையைக் கேளுங்க," என்றாள். "நாளைக்கே கேளுங்க. தூசிதானே, நான் துவைச்சுத் தர்றேன்."

கேட்டார். எதற்குப் பயந்து கூட்டத்தில் எழுந்து பேசினாரோ, அதையே அதிகாரி முன் நின்று கெஞ்சிக் கேட்டார். பதிவறை போதும் சார், வாசல் காவல் என்றாலும் சரி என்றார். தோட்டா இல்லாமல் நிற்க முடியவில்லை என்றார். எதிரில் கத்தி இருந்தது என்றார்.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, மேலிடத்துக்கு எழுதியிருக்கும் பாராட்டைப் படித்துக் காட்டினார். ஒரு தோட்டாகூடச் செலவில்லாமல் நடந்த காரியம் என்று அதில் இருந்தது. மேலிடம் ரொம்பச் சந்தோஷப்படும் என்றார். இப்போது போய் மாற்றல் கேட்டால் அந்தத் தெரு ஜனங்கள் மனசு என்ன ஆகும் என்றார். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். பீரங்கி அதைக் குடித்தார். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

ஸ்டேஷன் வாசலில் துணைக்காரி காத்திருந்தாள்.

"என்னண்ணே, பதிவறையா?"

"லாரி ஷெட்டுத் தெருவையும் சேத்துக் குடுத்துட்டாரு."

லாரி ஷெட்டுத் தெருவில் யாருக்கும் பீரங்கியைத் தெரியாது. அங்கே இருப்பவர்கள் பாதிப் பேர் வந்துபோகிறவர்கள், எந்த ஊர்க் கதையையும் கேட்டு நிற்க அவர்களுக்கு நேரமில்லை. அவள் தன் பிஸ்டலை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"என் பக்கத்துலயே நடங்கண்ணே."

"இல்லம்மா. பெரிய துப்பாக்கி கண்ணுல படணுமாம். உத்தரவுல நான்தான் முன்னாடி" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவர் தெருவில் இறங்கினார்.