கடைசிப் பட்டன்

சாலியமங்கலம் போகும் வழியில், ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லில் வண்டி வழுக்கி வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ரோட்டை விட்டால் நெல் காயவைக்க நம்மவர்களுக்குக் களம் ஏது? அதனால் யாரையும் திட்டவும் முடியவில்லை. மருத்துவ விடுப்பை இணையத்தில்தான் பதிய வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இடது கையால் மவுஸைப் பிடித்து, திரையில் அம்பை மேலே போகச் சொன்னால் ஓரமாகப் போகிறது. நமக்குத்தான் பழைய வித்தை தெரியுமே என்று டேப் விசையைத் தட்டித் தட்டிக் கட்டம் கட்டமாக இறங்கினேன். பெயர், தேதி, காரணம் எல்லாம் வந்தது. ‘சமர்ப்பி’ பட்டன் மட்டும் வரவில்லை. அதைத் தாண்டி மறுபடி பெயருக்கே போய் நின்றது. நான்கு முறை சுற்றினேன். ஐந்தாவது முறை சபியாவின் முகம் வந்துவிட்டது.

நீடாமங்கலத்தில் பத்திரம் எழுதும் அலுவலகம் ஒன்றில் நானும் சபியாவும் கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தோம். பக்கத்தில் ரைஸ் மில். நெல் அவியும் வாசனை காலையிலேயே வந்து பசியைக் கிளப்பும். கூடவே உமித் தூசியும் வரும். அந்தக் காலத்து மவுஸுக்கு வயிற்றில் ஓர் உருண்டை இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அதில் தூசி ஏறினால் அம்பு நகராது. அறுவடை மாதங்களில் நாங்களெல்லாம் உருண்டையைக் கழற்றிச் சட்டை முனையில் துடைத்துக்கொண்டிருக்க, சபியா தன் பாட்டுக்கு மூன்றாவது பத்திரத்தில் இருப்பார்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு அவருக்குக் கை நடுக்கம் தங்கிவிட்டது. டீ கிளாஸை மேசையில் வைத்துக் குனிந்துதான் முதல் வாய் குடிப்பார். மவுஸ் அவர் கையில் நிற்காது. விசையில் விரலை ஊன்றினாலோ நடுக்கம் அடங்கிவிடும். கோப்பைத் திறக்க, வரியைப் பிடிக்க, அச்சுக்கு அனுப்ப எல்லாமே விசைதான். கணவர் வளைகுடாவுக்குப் போனவர், போனவர்தான். கூத்தாநல்லூரிலிருந்து பஸ் ஏறி வரும் இவரை நம்பித்தான் வீடு.

“மவுஸுக்கும் உங்களுக்கும் என்ன சண்டை சபியா?” என்று கேலி செய்வேன்.

“அது மக்கர் பண்ற நாள்ல ஆபீசே என்னத்தானே நம்பியிருக்கு அண்ணே.”

உண்மைதான்.

பிறகு நான் ஏதோ படித்து, தஞ்சாவூரில் மென்பொருள் செய்யும் சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். பெரிய மேதை என்ற நினைப்பு. பழைய முதலாளிக்கே பத்திரப் படிவங்களுக்கு ஒரு மென்பொருள் எழுதிக் கொண்டுபோய்ப் போட்டேன்.

“எல்லாரும் ஓட்டிருவாங்களா தம்பி?” என்றார்.

“கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாங்க.”

அதை நான் மவுஸை வைத்து மட்டுமே சோதித்திருந்தேன். மறுநாள் சபியா போன் செய்தார்.

“அண்ணே, எல்லாக் கட்டத்துக்கும் போவுது. கடைசிப் பட்டனுக்கு மட்டும் போவ மாட்டேங்குது. திரும்ப மேலயே போயிடுது.”

“அதுக்கென்ன, மவுஸ வச்சு ஒரு தட்டு தட்டுங்க.”

“சரிண்ணே” என்று வைத்துவிட்டார்.

அவர் கையை எனக்குத் தெரியாதா? எத்தனை நாள் அவர் டீ குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். தெரிந்தேதான் சொன்னேன். என் வேலையில் குறை இருக்கிறது என்று கேட்கப் பிடிக்கவில்லை, திமிர், வேறென்ன. சரிசெய்யப் பத்து நிமிடம் போதும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது அவர் நாற்காலியில் வேறொரு பெண். முதலாளியிடம் கேட்டேன்.

“ஒவ்வொரு பத்திரத்துக்கும் பக்கத்துல உள்ளவங்களக் கூப்புட்டு, ஒரு தட்டு தட்டிவிடுங்கன்னு காத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. கூட்டம் நிக்கிறப்ப அது ஆவுமா? நின்னுக்கன்னு சொல்லிட்டேன். நீங்கதான தம்பி, கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்னீங்க.”

அன்றே உட்கார்ந்து அந்தப் பட்டனைச் சரிசெய்தேன். யாருக்காக என்று இன்றுவரை தெரியவில்லை. புதிதாக வந்த பெண்ணின் கை மவுஸில்தான் இருந்தது.

இப்போது அந்த மில் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். பத்திர அலுவலகமும் இல்லை, உருண்டை வைத்த மவுஸும் இல்லை. சபியாவின் பக்கத்து வீட்டுப் போன் எண் மட்டும் என் பழைய டைரியில் இருக்கிறது. போட்டுப் பார்த்தேன். அப்படி ஓர் எண்ணே இல்லையாம்.

சமையலறையில் இருந்த மனைவியைக் கூப்பிட்டேன். “இங்க வந்து ஒரு தட்டு தட்டிட்டுப் போயேன்.”

“இருங்க, கையெல்லாம் மாவா இருக்கு.”

காத்திருந்தேன்.