நியேவெஸ் என்ற பெயர்

நியூ ஜெர்சியில் பனிப்புயலடித்த அன்று நான் வழியில் சிக்கிக்கொண்டேன். பிரசவ வலி கண்ட என் மனைவியை மருத்துவமனையில் சேர்த்தவர் பக்கத்து வீட்டு நியேவெஸ் ஆன்ட்டி. "பொண்ணுக்கு அவங்க பேர்தான்" என்றாள் மனைவி.

எனக்கு அந்தப் பெயரில் மனம் ஒப்பவில்லை. இணையத்தில் தேடினேன். ஸ்பானியப் பெயர், 'பனிகளின் மாதா'விலிருந்து வந்தது, பொருள் பனி, இங்கே அபூர்வமாகத்தான் வைக்கிறார்கள். அப்பா மறுத்தால் பழியை அவர்மேல் போட்டுவிடலாம் என்று தூத்துக்குடிக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"வேற மதத்துப் பேருப்பா" என்றேன்.

"ஏல, நம்ம ஊரு பனிமய மாதா பேருல்லா அது. தேர் பாக்க என் தோள்ல ஏறிட்டு எறங்க மாட்டேன்னு அழுவியே, மறந்துட்டியா?"

வேண்டாம் என்று சொல்ல இனி நான் ஒருவன்தான் மிச்சம். என்னிடம் காரணம் எதுவும் இருக்கவில்லை.