வியோரெலின் காருக்கு நிழல்

கலாட்ஸ் நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே குப்பை மண்டிக் கிடந்த திடலில், பள்ளிக்கூடச் சமையற்காரி ஸ்மரண்டா சில லிண்டன் மரக்கன்றுகளை நட்டாள். மூன்றாம் மாடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தாள். "மேயர் தேர்தல்ல நிக்கப்போறீங்களாக்கா?" என்று கீழ்வீட்டு வியோரெல் கிண்டலடித்தான்.

மரங்கள் வளர்ந்து ஜன்னல்களைத் தொட்டன. வெயில் காலத்தில் வியோரெல் அந்த நிழலில்தான் சீட்டாடினான். அவன் மனைவி பூக்களைக் காயவைத்துக் குளிர்காலத் தேநீருக்கு எடுத்துக்கொண்டாள்.

பிறகு வீட்டுக்கு வீடு கார் வந்தது. நிறுத்த இடம் வேண்டுமென்று குடியிருப்போர் கூட்டம் போட்டார்கள். மரங்களை வெட்டலாம் என்று முதலில் கை தூக்கியவன் வியோரெல்தான்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. மரம் எங்க வேணா வளரும், காரை எங்க நிறுத்துறது?"

ரம்பம் ஓடிய அன்று ஸ்மரண்டா வேலைக்குப் போகவில்லை. கடைசி மரம் விழும்வரை ஜன்னலருகே நின்றாள்.

அடுத்த ஆகஸ்ட் வெயிலில், மரங்கள் நின்ற இடத்தில் போட்ட தார்த்தரை கொதித்தது. வியோரெல் அவளை மாடிப்படியில் மறித்தான். "காருக்குள்ள கை வைக்க முடியலக்கா. ஓரமா ரெண்டு கன்னு நடுங்களேன், உங்களுக்குத்தான் கைராசி."

"துணி வாங்கி மூடு" என்று சொல்லிவிட்டு அவள் மேலே போனாள். பால்கனியில் தொட்டிச் செடிகள் வாடிக் கிடந்தன. அன்றைக்கும் அவள் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை.