ஓவர்லாக் பாடம்

போன மாதம் என் மகளின் பள்ளியில் கைக்குட்டைக்கு ஓரம் தைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். செய்து கற்பதுதான் உண்மையான படிப்பு என்று பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை விளக்கினார். எல்லாரோடும் சேர்ந்து நானும் தலையாட்டினேன். எனக்கு இது புதிதில்லை. எங்கள் வீட்டில் இந்தக் கொள்கை அப்பாவின் தலைமையில் எப்போதோ அமலுக்கு வந்துவிட்டது.

அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். என் பள்ளி ஆண்டுவிழாவுக்கு வந்த ஒரு பேச்சாளர், பிள்ளைகள் காதால் கேட்டது நிற்காது, கையால் செய்ததுதான் நிற்கும் என்று முழங்கினார். பேசியவர் பொன்னாடையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அனுபவித்தது நான்.

"பள்ளிக்கூடத்துல சொல்றது பாதிதான் கண்ணு. மீதி கையில வரோணும்" என்பார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அந்த மீதி தொடங்கிவிடும். பின்னங்களைத் தோசையை வெட்டி நடத்தினார். கால், அரைக்கால் என்று வெட்டியதை எல்லாம் பேச்சுவாக்கில் அவரே தின்றுவிட்டதால் கூட்டிப் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. மின்சாரப் பாடத்தில் எங்கள் லைன் வீடுகள் அத்தனைக்கும் ஃபியூஸ் போனது. சீரியல் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. அன்றைக்கு அக்கம்பக்கத்தார் அப்பாவிடம் பேசிய தமிழ் எந்தப் பாடப்புத்தகத்திலும் வராது. அம்மா இதற்கெல்லாம் குறுக்கே நின்றதில்லை. ஃபியூஸ் போட டார்ச் பிடித்தவளே அவள்தான், சிரித்துக்கொண்டே.

அம்மா வேறொரு கம்பெனியில் டெய்லர். ஏழாவது முழுப்பரீட்சை லீவில் வீட்டில் சும்மா இருப்பானேன் என்று கைமடி வேலைக்கு அனுப்பப்பட்டவள். டெய்லர் தைத்துப் போடும் பீஸை எடுத்து மடித்து அடுக்குகிற வேலை அது. லீவு முடிந்து பள்ளி திறந்தது. அம்மா திரும்பிப் போகவில்லை. எங்கள் பக்கம் பாதிப் பெண்களுக்கு இதுதான் கதை என்பதால் நான் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

வீட்டு முன்னறையில் அவளுடைய பழைய ஓவர்லாக் மெஷின் ஒன்று இருந்தது. கம்பெனி லீவு நாட்களில் அதில் வெளிவேலை எடுத்துத் தைப்பாள். மற்ற நேரங்களில் பெட்ஷீட் போர்த்தி மூடியிருக்கும். நானும் தம்பியும் அதைத் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஓவர்லாக்கில் ஊசிக்குப் பக்கத்திலேயே துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டு போகும் கத்தியும் உண்டு. விரல் போய்விடும் என்றுதான் அம்மா பயப்படுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

நான் ஏழாவது எழுதி முடித்திருந்த லீவில், ஒரு கல்யாணச் சீருக்காக அம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு குண்டடம் போனாள். பஸ் ஏற்றிவிட்டு வந்த அப்பாவின் கண் நேராக அந்தப் பெட்ஷீட்டின் மேல் போனது. வேகம், விசை, அளவு என்று மொத்த அறிவியலும் அதற்குள் மூடிக்கிடக்கிறது என்றார்.

ஒரே ஒரு சிக்கல், அப்பாவுக்குத் தைக்கத் தெரியாது. தைத்து முடித்த பிறகு பீஸுக்கு நடப்பதுதான் அவருக்குத் தெரியும். அவர் மோட்டாரைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கும்போதே நான் பெடலை மிதித்துவிட்டேன். நூல் அறுந்தது, துணி கோணிக்கொண்டது. பிறகு அம்மா உட்காருவதைப் போல முதுகைக் கொஞ்சம் வளைத்து உட்கார்ந்து, துணியை இழுக்காமல் இடது கையால் வழி மட்டும் விட்டேன். அது தன் போக்கில் ஓடியது. இத்தனை வருடம் பாயில் படுத்தபடி வேடிக்கை பார்த்ததெல்லாம் எப்போது கைக்குள் இறங்கியது என்று தெரியவில்லை. தம்பியின் பழைய பனியனை மேலே வைத்து அளவெடுத்து, மிச்சத் துணியில் அவனுக்கு ஒரு பனியன் தைத்தேன். அந்தச் சந்தோஷத்தை இன்றும் என்னால் குறைத்துச் சொல்ல முடியாது.

அப்புறம் அப்பாவின் முறை. அயர்ன் போட்டார், உள்ளே அட்டை வைத்து மடித்தார், சைஸ் ஸ்டிக்கர் ஒட்டிப் பாலிபேக்கில் போட்டார். கப்பல் ஏறப் போகும் ஏற்றுமதிப் பீஸ்கூட அதனிடம் தோற்றுவிடும். அதைப் பிரிக்கும்போது அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று இருவரும் பேசிப் பேசிச் சிரித்தோம்.

அம்மா வந்து பையை இறக்கியதும் அப்பா அதை நீட்டினார். தேனிப் பக்கத்திலிருந்து வந்து பக்கத்து வீட்டில் குடியிருந்த அக்காவும் அப்போது அங்கே இருந்தார். அம்மா உறையைப் பிரித்ததும் கம்பெனிப் பெண்கள் எல்லாரும் செய்வதைத்தான் செய்தாள். முன்பக்கத்தைப் பார்க்காமல் பனியனை உள்வெளியாகத் திருப்பி, தோளிலிருந்து பக்கவாட்டுவரை தையலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனாள்.

"ஏனுங்க, எந்தக் கம்பெனி பீஸுங்க இது? டெய்லருக்கு நல்ல கை" என்றாள்.

"உன்ற பொண்ணு தெச்சது" என்றார் அப்பா.

கட்டைவிரல் அங்கேயே நின்றது. பக்கத்து வீட்டு அக்கா பனியனை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்படியே ஒங்க கைதான்க்கா. இந்த லீவுக்குக் கூட்டிட்டுப் போங்க. கைமடியெல்லாம் வேணாம், நேரா டெய்லராவே ஒக்கார வச்சிருவாக" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அக்கா போனதும் அம்மா பனியனை மடித்து வைத்தாள். பிறகு, "மெஷின நாளைக்கே ஆருக்காச்சும் குடுத்துரலாமுங்க" என்றாள்.

"புள்ள கத்துக்கிட்டது தப்பா?"

"கத்துக்கறது தப்பில்லீங்க. கை பழகிருச்சுன்னா, நாளைக்கு ஊட்டுல ஒரு கஷ்டம்னு வர்றப்ப எல்லாருக்கும் மொதல்ல கண்ணுல படறது அந்தக் கைதானுங்க."

"நான் அப்படி விட்டுருவனா?"

"எங்கப்பனும் அப்படித்தானுங்க நெனச்சாரு."

அப்பா காலிப் பாலிபேக்கை எடுத்து மடிக்கத் தொடங்கினார். அம்மாவே குரலை இறக்கி, "பாடம் நடத்துங்க, வேண்டாங்கல. வேலைக்கு ஆகாததாப் பாத்துச் சொல்லிக் குடுங்க" என்றாள்.

மறுநாள் மெஷின் ஆட்டோவில் ஏறி அம்மாவின் தோழி வீட்டுக்குப் போனது. வீட்டிலேயே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த அம்மா, அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வெயிலில் அங்கே நடந்துபோய்த் தைத்துவிட்டு வந்தாள். அப்பா எறும்புகள் ஏன் வரிசையாகப் போகின்றன என்று நடத்த ஆரம்பித்தார். அம்மா கிளம்பும் முன் அந்தப் பாடத்துக்குக் கொஞ்சம் சர்க்கரை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவாள்.

எனக்குத்தான் ஆறவில்லை. தையலில் எங்கேயோ பிசகியிருக்க வேண்டும் என்று பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அப்படியென்றால் விரலைப் பற்றிய பயம்தான் என்று முடிவுகட்டினேன். அடுப்படியில் நின்றிருந்த அம்மாவிடம் போய் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்.

"பாரும்மா, கத்தி படவே இல்ல. ஒண்ணுமே ஆகல."

அம்மா என் கைகளைப் பிடித்து, அதே கட்டைவிரலால் ஒவ்வொரு விரலாகத் தடவினாள். "ஆமா கண்ணு, ஒண்ணும் ஆகல" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. ஒன்றும் ஆகாததற்கு எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. கோபம் ஆறினால் மெஷினைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவாள் என்று மட்டும் தோன்றியது. லீவு முடிந்து எட்டாம் வகுப்புப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்த பிறகும், அதற்குள் தையல் மறந்துவிடக் கூடாதே என்று, கீழே என் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது.