ஆறாயி கீழே வைக்கச் சொன்ன பை

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் ஆறாயி சேலை மடிக்கிறாள்; நான் காசாளர். ஹட்டன் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதினாறு வயதில் வந்தவளுக்கு இப்போது நாற்பத்தெட்டு. ஆஸ்துமாவும் கூடவே இருக்கிறது. புதுக் கட்டுப் பிரித்தால் தூசியில் இழுப்பு வரும். இழுப்பு மருந்துப் பம்பை வாயில் வைத்து இரண்டு தரம் உறிஞ்சிவிட்டு மறுபடி மடிப்பாள். முதலாளி நின்றாலும் ஒளிக்கமாட்டாள். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

போன ஜூனில் ஒரு காலை அவளுக்கு மூச்சு வாங்கியது. பம்புக்கு அடங்கவில்லை. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். முகமூடி மாட்டி மருந்து ஆவி கொடுத்தார்கள். மூச்சில் விசில் சத்தம் குறைந்தது. ஆஸ்துமாதான், வீட்டுக்குப் போகலாம் என்று இளம் டொக்டர் சிங்களத்தில் சொன்னார். எனக்கும் கடை நினைப்பு. அவளுடைய பையைத் தூக்கினேன்.

“பையக் கீழ வைங்க, மிஸ்.”

“வழமையா வாற இழுப்புத்தானே? எழும்பு, போவம்.”

“இழுப்போட முப்பது வருசமா குடும்பம் நடத்துறேன். அது வந்தா எனக்குத் தெரியாதா? அது வந்தா மூச்சு வெளிய போகாது. இது உள்ள இழுக்கையில வலது விலாவுல குத்துது. நேத்திலருந்து குளிரு நடுக்கம் வேற. இது வேற ஆளு.”

அதையே டொக்டரிடம் சிங்களத்தில் சொன்னாள். படம் எடுக்காமல் எழும்ப மாட்டேன் என்று கதிரையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வெட்கத்தில் நான் அவள் கையை இழுத்தேன். அசையவில்லை.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தது. நியூமோனியா. போகவிட்டிருந்தால் பிழையாகியிருக்கும் என்று டொக்டர் மழுப்பாமல் ஒப்புக்கொண்டார். நான் இன்னும் அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

வாட்டில் சேர்த்தார்கள். அங்கே அவளுக்கு இரண்டு சண்டை. நியூமோனியா இழுப்பையும் கிளப்பிவிட்டது. மூன்றாம் நாள் ஒக்சிசன் மாட்டியும் உதடு நீலம் பாரித்தது. செத்துப்போவாள் என்றே பயந்தேன். கிருமிக்கு ஊசி, இழுப்புக்கு ஆவி. பேச முடியாதவள் சுவர் மணிக்கூட்டையே பார்த்திருந்து, ஆவி கொடுக்கும் நேரம் வந்ததும் கட்டில் கம்பியைத் தட்டித் தாதியைக் கூப்பிட்டாள். ஒரு தரமும் தவறவிடவில்லை.

மூச்சு சீரானதும், எட்டாம் நாள் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டினார்கள். அவள் தலை சீவி, பம்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். கட்டிலில் பை இருந்தது. தொடப் பயந்து நின்றேன்.

“என்ன மிஸ், பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? இப்பத் தூக்குங்க, போவோம்.”