ஐந்தாவது ஆள்

சூலக்கரைப் பக்கம் ஒரு மாடி ஆபீசில் எனக்கு வேலை. பட்டாசு ஆலைகளுக்கு மென்பொருள் செய்துகொடுக்கிறோம். அதில் கோளாறு இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது நான். எந்த ஆள் எந்த அறையில் உட்கார வேண்டும் என்று ஆலை போர்மேன் தினமும் பதிவது எங்கள் திரையில்தான். வெடிமருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஐந்தாவது பெயரைப் போட்டால் திரை சிவந்து மறுத்துவிடும். ஆனைக்குட்டம் பக்கத்து ஆலையில் அப்படி ஓர் அறையில்தான் என் அக்கா வேலை செய்கிறாள்.

தீபாவளி சீசன் நெருங்கினால் எங்கள் ஆபீசில் திரையை வடிவமைப்பவர்கள் அதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இன்று மேலே இருந்த பட்டன் நாளை கீழே இருக்கும். பட்டனைத் தானாக அழுத்திப் பார்க்கும்படி நான் எழுதிவைத்த சோதனைகள் அதைக் காணாமல் முட்டிக்கொண்டு நிற்கும். சரிசெய்து சரிசெய்து வெறுத்துப்போனேன். அந்த நேரத்தில்தான் ஏஐ வந்தது. பட்டன் எங்கே போனாலும் அதுவே கண்டுபிடித்து, சோதனையையும் அதுவே திருத்திக்கொள்ளும். திருத்தியதையெல்லாம் பட்டியல் போட்டு, சரியா என்று என்னைக் கேட்கும். முதல் வாரம் வரி வரியாகப் படித்தேன். அப்புறம் சோம்பேறித்தனம், வேறென்ன. போன மாதம் வந்த பட்டியல் ரொம்ப நீளம். 'அனைத்தையும் ஏற்றுக்கொள்' என்பதை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் பச்சை, ஒரு சோதனைகூடத் தவறவில்லை.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், வேலை விட்டு வந்த அக்கா நகக்கண்ணில் ஒட்டியிருந்த மருந்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"இன்னைக்கு எங்க ரூம்ல ஆறு பேருலே. கைய நீட்ட எடம் இல்ல. ஆர்டர் அம்புட்டு இருக்காம்."

லேப்டாப்பைத் திறந்தேன். புதுத் திரையில் மறுப்பே இல்லை. 'கூடுதல் ஆள். தொடரவா?' என்று ஒரு கேள்வி, பக்கத்தில் 'ஆம்' என்று ஒரு பட்டன். சோதனையின்போது ஏஐ அதை அழுத்தி ஐந்தாவது ஆளை உள்ளே அனுப்பிவிட்டு, அதுதான் சரி என்று சோதனையையே மாற்றி எழுதியிருந்தது. பட்டியலில் அதற்கும் ஒரு வரி இருந்தது. நான் படிக்கவில்லை.

எங்கள் ஆபீஸ் மேலாளருக்குப் போன் போட்டேன்.

"நீங்க சரின்னு சொன்ன பெறகுதான தம்பி குடுத்தோம்? இப்பப் போய் மாத்துனா ஆலைக்காரங்க சும்மா இருப்பாகளா? சீசன் முடியட்டும்."

கெஞ்சினேன், கத்தினேன். வைத்துவிட்டார்.

"நாளைக்குப் போகாதக்கா" என்றேன்.

"நான் போகலேன்னா என் எடத்துல வேற ஒருத்தி உக்காருவா. அவ வீட்லயும் போய் இதச் சொல்லுவியா?"

அழுகையாக வந்தது. என் மேலேயே எனக்கு ஆத்திரம்.

மறுநாள் காலையில் ஆமத்தூருக்குப் பிரியும் விலக்கில் ஆலை வேன் வந்து நின்றது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டே முன் சீட்டிலிருந்த போர்மேனிடம் போனேன்.

"அண்ணாச்சி, ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல விடாதீக. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் கோபப்படவில்லை. "முன்னெல்லாம் ஒரு ஆளு கூடுனாலே கம்ப்யூட்டர் விடாது தம்பி. இப்ப அதுவே விடுதே. ஆபத்துன்னா விடுமா? படிச்சவங்க சோதிச்சுப் பாத்துத்தான குடுத்திருப்பாக?"

"சோதிச்சது நான்தான் அண்ணாச்சி. பாக்காமலே சரின்னு போட்டுட்டேன்."

வேனுக்குள் இருந்த பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போர்மேன் டிரைவர் பக்கம் திரும்பி, நேரமாகிறது என்றார். அக்கா என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.