கடல்மீன் தொட்டியும் எங்கள் அத்தானும்

எங்கள் அத்தானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, ஒரு விஷயம் எவ்வளவு குறைவாகத் தெரியுமோ அவ்வளவு சத்தமாகப் பேச வரும். மாத்தளையில், நாலந்தாவுக்கு இந்தப் பக்கம், மெயின் ரோட்டோரம் அப்பா விட்டுப்போன வாசனைத் தோட்டத்தை அவர்தான் நடத்தினார். யுத்தத்தை நிறுத்திச் சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்திருந்த காலம் அது. வெள்ளைக்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். ஆனால் அந்த ரோட்டில் வேலிக்கு வேலி ஒரு வாசனைத் தோட்டம். எல்லாவற்றிலும் அதே கராம்பு, அதே கறுவா, மொட்டைத் தலையில் முடி வளர்க்கும் அதே எண்ணெய். மற்றவன் வைத்திராத ஒன்று வேண்டும் என்று யோசித்த அத்தான், மலைநாட்டின் நடுவில் ஒரு கடலை வைக்க முடிவு செய்தார்.

முருகைக்கல் என்கிற உயிருள்ள பவளமும் கடல்மீனும் உள்ள பெரிய கண்ணாடித் தொட்டி. வீட்டில் சின்ன வயதிலிருந்து மீன் வளர்த்தவள் நான் ஒருத்திதான் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"சீசன் வரைக்கும் தொட்டி உசுரோட நின்னா, முன்கடை ஒன் பொறுப்பு. செத்துப்போச்சுன்னா கடைசி வரைக்கும் பெக்கிங் ரூம்தான்" என்றார்.

அப்பா இருந்தபோது முன்கடையில் நின்றவள் நான். கல்யாணம் ஆகாதவள் முன்னால் நின்றால் நன்றாயில்லை என்று என்னைப் பின்னால் அனுப்பியவரே இவர்தான். மிளகாய்த்தூள் நெடியில் தும்மித் தும்மிப் பொட்டலம் கட்டியவளுக்கு முன்கடை எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

வடிகட்டி எது என்பதில் முதல் சண்டை. கொழும்பில் அலங்கார மீன் விற்கும் கடைக்குப் போனோம். அத்தான் உருளை மாதிரி இருந்த ஒரு வடிகட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு கீழே வைக்க மாட்டேன் என்றார். அதன் பெட்டியில் நிறையப் படம் போட்டிருந்தது, வேறு காரணம் இல்லை. நன்னீர் மீனுக்கு அது போதும், உள்ளே இருக்கும் பஞ்சில் அழுக்குத் தங்கிக் கிடந்தால் முருகைக்கு ஆகாது என்றேன். அழுக்கு அழுகுமுன்பே அதை நுரையாக்கி வெளியே தள்ளும் ஸ்கிம்மர் வேண்டும், மிச்சத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்கல் வேண்டும் என்றேன்.

"நொரைக்கு ஒரு மெசினா? சோத்துப் பானையிலயும்தான் நொர வருது!"

கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும் அளவுக்குக் கத்தி, ஸ்கிம்மரையும் கல்லையும் வாங்க வைத்தேன்.

மூன்றாவதாக ஒன்று கேட்டபோதுதான் அவர் முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். கடல் தொட்டியில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைகிற அளவுக்குத் தினமும் சுத்தமான தண்ணீர் விட வேண்டும். எங்கள் பக்கத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு, தேத்தண்ணிக் கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதனால் குழாயிலும் ஒரு வடிகட்டி பூட்டச் சொன்னேன். முடியாது என்றார். அப்படியானால் வாகன பெட்டரிக்கு ஊற்றும், காய்ச்சி வடித்த தண்ணீரையாவது டவுனிலிருந்து கொண்டுவாருங்கள் என்றேன். அதற்கு உடனே சரி என்றார்.

கடல் தண்ணீரைத் திருகோணமலையில் அள்ளி வேனில் ஏற்றி வந்தோம். சமாதானம் என்றாலும் செக்பொயின்ட் செக்பொயின்ட்தான். கேனில் என்ன என்று சிப்பாய் கேட்டான். கடல் தண்ணீர் என்று சிங்களத்தில் சொன்னேன். மாத்தளைக்கு எதற்குக் கடல் என்று ஒரு கேனைத் திறந்து ரோட்டில் ஊற்றிப் பார்த்தான். என் அடையாள அட்டையில் பெயரைப் பார்த்துவிட்டு இன்னொரு கேனையும் ஊற்றினான். அவனிடம் காட்ட முடியாத கோபத்தை வேனில் ஏறியதும் அத்தானிடம் காட்டினேன். அவருக்கும் அது தேவைதான்.

தொட்டி பிடித்துக்கொண்டது. முருகைகள் விரல் விரித்து ஆடின. வெள்ளைப் பட்டி போட்ட செம்மஞ்சள் மீன்களைப் பார்க்கவே இரண்டு பஸ்கள் நின்றன. ஸ்கிம்மரின் கோப்பையில் நிரம்பிய கறுப்பு அழுக்கை அத்தானின் மூக்குக்கு முன்னால் நீட்டி, "சோத்துப் பானை நொர" என்றேன். மனுஷன் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். எனக்கு அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

சீசனுக்குக் கொஞ்சம் முன்னால் முருகைகள் சுருங்கின. மீன்கள் கள்ளுக் குடித்தவன் மாதிரி சாய்ந்து சாய்ந்து நீந்தின. ஸ்கிம்மரில் நுரையே எழவில்லை. ஒரு காலையில் மீன்கள் எல்லாம் செத்து மிதந்தன.

"நொர மெசின வாங்க வச்சே கொன்னுட்டா" என்று அத்தான், வெள்ளைக்காரருக்குத் தோட்டம் சுற்றிக்காட்டும் கைடுகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எண்ணெய் பட்டால்தான் நுரை அப்படி அடங்கும். டவுன் தண்ணீர் என்று அவர் வைத்திருந்த கேனை மோந்து பார்த்துப் பயனில்லை, அந்தக் கடையில் காற்றே கராம்புதான். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நாக்கு மரத்துப்போனது. பல்வலிக்கென்று வெள்ளைக்காரருக்கு நாங்கள் விற்கும் எண்ணெயின் அதே மரப்பு.

நேரே பின்னால் போனேன். கராம்பு இலையில் எண்ணெய் வடிக்கும் செம்புக் கொப்பரை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் குழாய்க்கு அடியில் அடுத்த கேன் நிரம்பிக்கொண்டிருந்தது. கராம்பு எண்ணெய் மீனை மயக்கிக் கொல்லும், செம்பு முருகையைக் கொல்லும். இரண்டையும் சேர்த்து வடித்துத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எனக்குக் கொடுத்திருக்கிறார்.

"வடிக்கிறதுதானே நம்ம தொழிலு? நம்ம போயி டவுன்ல வடிச்ச தண்ணி வாங்கினா ஊரே சிரிக்காதா? நல்லாக் கழுவிட்டுத்தான் வடிச்சேன். அதுல ஒரு எண்ணெயும் இல்ல" என்றார் பின்னாலேயே வந்த அத்தான்.

அக்காவைக் கூப்பிட்டேன். அந்தக் கேனிலிருந்து ஒரு கோப்பை ஊற்றி அவள் கையில் கொடுத்தேன்.

"குடிச்சுப் பாத்து நீயே சொல்லுக்கா."

கைடுகள் சுற்றி நின்றார்கள். அத்தான் அவள் முகத்தையே பார்த்தார். அவள் ஒரு வாய் எடுத்தாள். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை, அப்படியே வைத்திருந்தாள். பிறகு விழுங்கினாள்.

"வெறும் தண்ணிதான்" என்றாள். சொல்லிவிட்டு, மரத்த உதட்டை முந்தானையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள்.

அன்று பின்னேரமே பெக்கிங் ரூமுக்குப் போய் உட்கார்ந்தேன். அத்தானோடு எனக்கு இன்றுவரை சண்டை ஓயவில்லை, கண்ட இடத்தில் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். அக்காவோடு எந்தச் சண்டையும் இல்லை. பேச்சும் இல்லை.